பச்சை முகம், ரோஸ் தெரு: நெரிசல் நகர ஓவியம் ஒன்றைப் பார்க்கப் பழகுவது எப்படி?

சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் கூடிய ஒரு மாடி அறையில், சுவரில் புரொஜெக்டர் போட்டு ஓர் ஓவியத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். தெரு கொள்ளாத ஜனம். முகங்களில் பச்சை. தரை முழுக்க ரோஸ். “முதல் உலகப் போர் மனிதர்களை நடைப்பிணங்களாக்கிவிட்டது. அந்தப் பிண நிறம்தான் இந்தப் பச்சை” என்று அடித்துச் சொன்னேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. டீ குடிக்கும்போது கடைசி வரிசையில் இருந்தவர் பக்கத்தில் வந்து, “சார், படம் 1908ன்னு நீங்களே போட்டிருக்கீங்க. சண்டை 14லதானே ஆரம்பிச்சுது?” என்று கேட்டார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு டீ தொண்டையில் நின்றுவிட்டது.

அவர் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்று பிறகு தெரிந்தது. அது பின்னால் வரும். ஆனால் அன்றைக்கே எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். படத்தைப் பற்றி எதைச் சொன்னாலும், அது படத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாவிட்டால் சொல்லக் கூடாது. புதிதாக ஓவியம் பார்க்க வருபவர்களுக்கு நான் சொல்லித்தருவதும் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் விரலை எங்கெங்கே கொண்டுபோவது என்கிற கணக்கு.

எடுத்துக்கொள்ளும் படம் அதே படம்தான். எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் வரைந்த ‘தெரு, டிரெஸ்டன்’. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் (சுருக்கமாக மோமா) இருக்கிறது. டிரெஸ்டன் ஜெர்மனியின் கிழக்கில் உள்ள பழைய அரச நகரம். அங்கே கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த நான்கு இளைஞர்கள் 1905 ஜூன் 7 அன்று ‘பாலம்’ என்று பெயர் வைத்து ஒரு குழு தொடங்கினார்கள். கிர்ஷ்னர், பிளைல், ஹெக்கல், ஷ்மிட்-ரோட்லுஃப். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரைவதில் அவர்களுக்கு ஆர்வமில்லை. பார்க்கும்போது உள்ளே நடப்பது கேன்வாஸில் வர வேண்டும் என்பதுதான் நோக்கம். எக்ஸ்பிரஷனிசம் என்று சொல்வது இதைத்தான். தமிழில் ‘வெளிப்பாட்டியம்’ என்று எழுதுகிறார்கள். பெயர் எதுவானாலும் பரவாயில்லை.

உட்காருவதற்கு முன்

மோமாவின் இணையதளத்தில் படம் பெரிதாகக் கிடைக்கும். போனில் பார்க்காதீர்கள். முடிந்தால் கணினித் திரையிலோ டிவியிலோ போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, இருபது நிமிடம். படத்தின் கீழே உள்ள விளக்கத்தைக் கையால் மறைத்துவிடுங்கள். அதை முதலில் படித்துவிட்டால் பிறகு கண் வேலை செய்யாது, படித்ததைச் சரிபார்க்க மட்டும்தான் போகும்.

அளவை மட்டும் முன்கூட்டித் தெரிந்துகொள்ளலாம். உயரம் 150.5 செ.மீ., அகலம் 200.4 செ.மீ. இது நம் வீட்டு டபுள் கட்டில் அளவு, ஐந்தடிக்கு ஆறரை அடி. கட்டில் மெத்தையை நீளவாக்கில் சுவரில் சாய்த்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வலப்பக்கம் இரண்டு பெண்கள், நிஜ ஆள் அளவை நெருங்கும் உயரத்தில், உங்களை நோக்கி வருகிறார்கள். போன் திரையில் பார்த்தால் இது அழகான கலர் படம். கட்டில் அளவில் பார்த்தால் வழி விட்டு ஒதுங்க வேண்டும்போல் இருக்கும். இதே படம் இரண்டு அளவில் இரண்டு அர்த்தம் தரும். சிறிய படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய கருத்துச் சொல்கிறவர்கள் அதிகம். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

முதலில் எண்ணுங்கள்

‘சோகமான’, ‘பயங்கரமான’, ‘மர்மமான’ என்ற சொற்களை ஐந்து நிமிடம் பூட்டி வையுங்கள். என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். மளிகைச் சாமான் பட்டியல்போல வறட்டுத்தனமாக இருந்தால் நல்லது.

வலப்பக்கம் இரண்டு பெண்கள். தலையில் பெரிய தொப்பி. ஒருத்தி கைப்பையைப் பிடித்திருக்கிறாள், இன்னொருத்தி பாவாடையை. நடுவில் ஒரு சிறுமி, அவளை விழுங்கிவிடும்போல் ஒரு தொப்பி. பின்னால் ஒரு டிராம் வண்டி. அதைச் சுற்றி ஆட்கள், பல பேர், எண்ண முடியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டு. இடப்பக்கம் விளிம்பில் வெட்டுப்பட்ட உருவம். இவர்களுக்கெல்லாம் நடுவே வெறும் தரை. ரோஸ் நிறத்தில், கேன்வாஸில் கணிசமான இடத்தை அடைத்துக்கொண்டு.

எழுதி முடித்ததும் இல்லாததையும் எழுதுங்கள். புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். வானம் இல்லை. ஒரு துண்டுகூட இல்லை. மரம் இல்லை. யாரும் யாரோடும் பேசுகிற மாதிரி இல்லை. உருவங்களைத் தரையோடு சேர்த்துக் கட்டிப்போடும் உருப்படியான நிழல் இல்லை. கனவுபோல இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ‘இல்லை’ பட்டியலில்தான் கிடக்கும்.

ஒருமுறை நான் இந்தப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் வந்து எட்டிப் பார்த்தாள். ஏழு வயது. ஓவிய வரலாறு எதுவும் அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாமா, இந்தப் பாப்பா யாரோட வந்தா?” என்றாள்.

எனக்கு அதுவரை தோன்றாத கேள்வி. சிறுமி நடுவில் இருக்கிறாள். யார் கையையும் பிடித்திருக்கவில்லை. அந்த இரு பெண்களில் ஒருத்தி அம்மாவா? பின்னால் டிராமிலிருந்து இறங்கிய யாரோவா? படத்தில் விடை இல்லை. நம்மூர்த் திருவிழாவில் இப்படி ஒரு குழந்தை தனியாக நின்றால் நாலு பேர் “உங்கம்மா எங்க கண்ணு?” என்று கேட்டிருப்பார்கள். இங்கே ஒருவர்கூடத் திரும்பவில்லை. எண்ணிக்கையிலிருந்து அர்த்தத்துக்குப் போகும் பாதை இப்படித்தான் திறக்கும். ஏழு வயதுக் குழந்தைக்குத் திறந்தது, எனக்கு இருபது நிமிடப் பேச்சில் திறக்கவில்லை.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

எந்த நகர ஓவியத்திலும் நான் அடுத்துக் கேட்பது இது. மாடியிலிருந்து பார்க்கிறீர்களா, ஜன்னலுக்குள்ளிருந்தா, தெருவிலேயேவா? மாடியிலிருந்து பார்த்தால் கூட்டம் ஒரு காட்சி. தெருவில் நின்றால் கூட்டத்தில் நீங்களும் ஒருவர்.

இந்தப் படத்தில் நீங்கள் நடைபாதையில் நிற்கிறீர்கள், அதுவும் எதிர்த் திசையில். பெண்கள் உங்கள் மேல் வருகிறார்கள். பின்னால் போய்விடலாம் என்றால் டிராம் குறுக்கே நிற்கிறது. மேலே போக வானம் இல்லை. தரையைக் கவனியுங்கள். சாதாரணமாகத் தெரு தூரம் போகப்போகக் குறுகிப் படுக்க வேண்டும். இங்கே அது படுக்காமல் சுவர்போல எழுந்து நிற்கிறது. யாராவது கேன்வாஸின் அடிப்பக்கத்தைப் பிடித்துச் சாய்த்தால் ஆட்களெல்லாம் உங்கள் மடியில் வந்து விழுந்துவிடுவார்கள்.

“பர்ஸ்பெக்டிவ் தெரியாமல் வரைந்திருக்கிறார்” என்று யாராவது சொன்னால் அமைதியாக ஒரு தகவல் சொல்லுங்கள். கிர்ஷ்னர் 1905இல் டிரெஸ்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக்கலைப் பட்டம் வாங்கியவர். ஒரு தெருவை அளவு பிசகாமல் வரைவது அவர் பாடத்திட்டம். தெரிந்தவர் கோணலாக வரைந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். தெரியாதவர் வரைந்தாலும் கேட்கலாம், ஆனால் பதில் வேறு.

கண்கள் போகும் திசை

படத்தின் மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்து, இல்லையென்றால் நோட்டிலேயே ஒரு தோராயப் படம் போட்டு, ஒவ்வொரு முகத்திலிருந்தும் பார்வை போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். இரண்டு நிமிட வேலை. போட்டு முடித்துவிட்டு, எந்த இரண்டு அம்புகளாவது ஒன்றையொன்று சந்திக்கின்றனவா என்று பாருங்கள்.

எனக்கு ஒன்றுகூடச் சந்திக்கவில்லை. வலப்பக்கப் பெண்கள் இருவரும் தோளோடு தோள் உரச வருகிறார்கள், ஆனால் ஒருத்தி முகத்தில் இன்னொருத்தி இருப்பதற்கான அடையாளமே இல்லை. நம்மை நோக்கி வந்தாலும் நம்மைப் பார்க்கவில்லை. முகத்தில் முகமூடி மாட்டியதுபோல் ஒரு வெறுமை. ‘நகரத்தில் தனிமை’ என்று எல்லாக் கட்டுரையிலும் எழுதுவார்கள், தேய்ந்த சொல். அம்புக்குறி போட்டுவிட்டு அதையே சொல்லுங்கள், சொல்லுக்கு அடியில் தரை இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பொருத்தமான தகவல் உண்டு. கியோர்க் சிம்மல் என்ற சமூகவியலாளர் 1903இல் பெருநகர மனிதனின் மனநிலை பற்றி ஓர் உரையை வெளியிட்டார். நகரத்தில் கண்ணிலும் காதிலும் வந்து மோதுவது அளவுக்கு மீறிப் போவதால், மனிதர்கள் உள்ளுக்குள் ஒரு மரத்துப்போன தன்மையை வளர்த்துக்கொள்கிறார்கள், அடுத்தவரிடமிருந்து விலகி நிற்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு என்பது அவர் வாதம். அதற்கு மூலமான சொற்பொழிவுத் தொடர் நடந்த ஊர் டிரெஸ்டன். அப்போது அந்த ஊரின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. கிர்ஷ்னர் அதைக் கேட்டார், படித்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர்க் காற்றில் அந்தப் பேச்சு இருந்தது, அவ்வளவே. இப்படிச் சுற்றுப்புறத் தகவலை வைத்துக்கொள்ளும்போது, அது பக்கத்தில் நிற்கிறதா, காரணமாக நிற்கிறதா என்று பிரித்துச் சொல்லிப் பழகுங்கள்.

நிறத்துக்கு அகராதி கிடையாது

புதியவர்கள் சறுக்கும் இடம் இது. நான் சறுக்கியதும் இங்கேதான்.

பச்சை என்றால் பொறாமை என்று இணையத்தில் பட்டியல் கிடைக்கும். அது ஆங்கிலக்காரர் வழக்கு. ஜெர்மன்காரர்கள் பொறாமையில் பச்சையாகவும் ஆவார்கள், மஞ்சளாகவும் ஆவார்கள். நமக்கோ பச்சை என்றால் செழிப்பு. பச்சைப் பிள்ளை, பச்சைப் பொய், பச்சைத் துரோகம் என்று நம் மொழியிலேயே அந்தச் சொல் பத்து வேலை பார்க்கிறது. எந்த அகராதியைக் கொண்டுபோய் 1908இன் டிரெஸ்டன் தெருவில் வைப்பீர்கள்? ஆகவே நிறம் எதைக் குறிக்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு, நிறம் என்ன செய்கிறது என்று பாருங்கள். அதற்கு மூன்று சின்னச் சோதனைகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரங்கள் கரைந்து நிறத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். நெரிசல் என்று நினைத்தோமே, அதன் நடுவில் ஒரு பெரிய ரோஸ் வெற்றிடம் பளிச்சென்று எழுந்து வரும். ஆட்கள் அதன் ஓரங்களில் ஒதுங்கிக் கிடக்கிறார்கள். இடம் இல்லாததால் வந்த நெரிசல் இல்லை இது! இடம் இருக்கிறது, ஆனால் யாரும் அதில் இல்லை, அந்தச் சிறுமியைத் தவிர.

இரண்டு, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எந்தப் போனிலும் செய்யலாம். தொப்பிகளும் பாவாடைகளும் அப்படியே இருக்கும், தெரு மட்டும் எவ்வளவு அடங்கிப்போகிறது என்று கவனியுங்கள். பழைய ஊர்ப் புகைப்படம்போல ஆகிவிடும். அப்படியானால் பதற்றம் முழுவதும் உருவங்களில் இல்லை, பெரும்பங்கு நிறத்தில் இருக்கிறது. சொல்லும்போதும் அப்படிச் சொல்லலாம்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ரோஸ் தரையில் ஒரு புள்ளியை அரை நிமிடம் இமைக்காமல் பாருங்கள். உடனே வெள்ளைச் சுவரைப் பாருங்கள். சுவரில் மங்கலாக ஒரு பச்சைத் திட்டு மிதக்கும். இதற்குப் பின்பிம்பம் என்று பெயர். ஒரு நிறத்தில் களைத்த கண் அதன் எதிர்நிறத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இனி அந்த முகங்களின் பச்சையைப் பாருங்கள். ரோஸும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள். பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றை உசுப்பிவிடும், விளிம்புகள் அதிர்வதுபோல் இருக்கும். பட்டுப்புடவையில் அரக்குக்குப் பச்சைக் கரை வைக்கும் நெசவாளருக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. புடவையில் நாம் அதை அழகு என்கிறோம். ஆள் முகத்தில் வந்தால் ‘ஐயோ’ என்கிறோம். ஒரே கண், ஒரே விளைவு, வந்த இடம்தான் வேறு. நான் ‘பிண நிறம்’ என்று சொன்ன பச்சை, பிணத்திலிருந்து வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தரையிலிருந்து வந்திருக்கலாம்.

காலத்தின் பங்கு, ஓவியரின் பங்கு

கனவுத்தன்மை என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் வெறும் பழைய பழக்கவழக்கம். இதைப் பிரிக்காவிட்டால் ஓவியர் செய்யாததற்கெல்லாம் அவரைப் பாராட்டிக்கொண்டிருப்போம்.

அந்தத் தொப்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1907, 08 வாக்கில் ஐரோப்பாவில் அகலத் தொப்பிதான் நாகரிகம். பூ, இறகு, ரிப்பன் என்று தாம்பாளம்போலத் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். ஆகவே தொப்பி பெரிதாக இருப்பது கனவு இல்லை, கடைத்தெரு. அதேபோல் பாவாடையைப் பிடித்திருக்கும் கை. ‘தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்’ என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. நல்ல வாசிப்புதான். ஆனால் தரையைக் கூட்டும் நீளப் பாவாடையோடு தெருவில் நடந்த எல்லாப் பெண்களும் ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. நம்மூரில் மழைத் தண்ணீரில் புடவையைத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லையா? பிடித்திருப்பது காலத்தின் பங்கு. பிடித்த கையை நகம்போல, கொக்கிபோல வரைந்தது ஓவியரின் பங்கு. நாம் விளக்க வேண்டியது இரண்டாவதை.

தொப்பியிலும் அப்படியே. தொப்பி இருப்பது சரி, அதன் வளைவு சிறுமியைச் சுற்றியும் பெண்களைச் சுற்றியும் சுழிபோல ஓடுவதை விரலால் தடவிப் பாருங்கள். உருவங்களின் ஓரமெல்லாம் வளைந்த கோடுகள். ஆளுக்கு ஆள் பிரிந்து நிற்கிறார்கள், ஆனால் கோடுகள் அவர்களை வலைபோலப் பின்னி வைத்திருக்கின்றன. மனிதர்கள் சேரவில்லை, கோடுகள் சேர்த்துவிட்டன. இந்தப் படத்தில் எனக்கு விடாமல் பிடித்திருப்பது இந்த முரண்தான்.

தேதியையும் நம்பாதீர்கள், ஓவியரையும் கொஞ்சம்தான்

இப்போது விளக்கத்தின் மேல் வைத்த கையை எடுத்துவிடலாம்.

படத்தின் மேல் ஓவியர் கைப்பட எழுதியிருக்கும் ஆண்டு 1907. அருங்காட்சியகம் தரும் ஆண்டு 1908. கூடவே இன்னொரு வரி: 1919இல் திருத்தி வரையப்பட்டது. கடைசி வரிசைக்காரருக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது இது. போருக்கு ஆறு வருடம் முன்பு வரைந்த படத்தில், போர் முடிந்த அடுத்த வருடம் அதே கை மறுபடி தூரிகையை வைத்திருக்கிறது. இடையில் கிர்ஷ்னர் படையில் சேர்ந்து, 1915இல் மனம் உடைந்து வெளியே வந்து, சிகிச்சை நிலையங்களில் கிடந்து, சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலைப்பகுதிக்குப் போய்விட்டார். இதனால் என் பழைய பேச்சு சரியாகிவிடாது. எந்தத் தீற்று எந்த ஆண்டுடையது என்று விரல் வைத்துக் காட்ட என்னால் முடியாது, ஆகவே போர் என்ற சொல்லை நான் எடுக்கக் கூடாது. ஆனால் ‘இது 1908ஆம் ஆண்டின் மனநிலை’ என்று அடித்துச் சொல்லவும் கூடாது.

வரைந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டைப் படத்தில் போடுவது கிர்ஷ்னருக்கு ஒரு பழக்கம். யாரிடமிருந்தும் தான் எதையும் எடுக்கவில்லை, எல்லோருக்கும் முன்னால் தானே செய்தேன் என்று காட்டும் ஆசை. நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க்கின் பாதிப்பு தனக்குக் கிடையாது என்று சாதித்தவர் அவர். மூங்க்கின் ஓவியங்கள் 1906இல் டிரெஸ்டனில் காட்சிக்கு வந்திருந்தன. இதைவிட வேடிக்கை, 1920 முதல் லூயி டி மர்சால் என்ற பிரெஞ்சு விமர்சகர் கிர்ஷ்னரைப் புகழ்ந்து கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். அப்படி ஒரு ஆளே கிடையாது. எழுதியது கிர்ஷ்னர்தான்! ஆட்களோடு கலக்கக் கலக்கத் தன் தனிமைதான் கூடியது என்று கிர்ஷ்னர் சொன்னதை இந்தப் படத்தோடு சேர்த்துப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். பொருத்தமாகத்தான் இருக்கிறது. நானும் அதை நம்புகிறேன், நம் அம்புக்குறிகள் அதையே சொல்வதால். அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் இல்லை.

இன்னொரு பொறி, முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்தைப் படிப்பது. 1937இல் நாஜிகள் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து கிர்ஷ்னரின் 600க்கும் மேற்பட்ட படைப்புகளைப் பறிமுதல் செய்து, சிலவற்றைச் ‘சீரழிந்த கலை’ என்று இழிவுபடுத்திக் காட்சிக்கு வைத்தார்கள். 1938 ஜூன் 15 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார். இது தெரிந்தபின் ரோஸ் தெருவில் எல்லா இடத்திலும் சாவு தெரியும். ஆனால் முதலில் இந்தப் படத்தை வரைந்தபோது அவருக்கு வயது 28. கலர்களில் களித்தாடிய பையன். முகங்களில் வெறுமை இருக்கட்டும், அந்த ரோஸைப் பூசிய கையில் குஷி இருந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத வாசிப்பு எனக்கு அரை வாசிப்பு.

இனி எழுதுங்கள்

ஐந்து வரி போதும். ஒவ்வொரு வரியிலும் ‘ஏனென்றால்’ ஒன்று இருக்க வேண்டும், அதற்குப் பிறகு விரல் வைக்கக்கூடிய ஓர் இடம் வர வேண்டும். ‘இந்த ஓவியம் நவீன வாழ்வின் அவலத்தைப் பேசுகிறது’ என்று எழுதினால் கிழித்துப் போடுங்கள். அதை எந்தப் படத்தின் கீழும் ஒட்டலாம்.

நான் எழுதியது இப்படி வந்தது: “இது நெரிசலான தெரு இல்லை, நெரிசலான ஓரங்கள் உள்ள காலித் தெரு, ஏனென்றால் நடுத்தரை ரோஸாக வெறிச்சோடிக் கிடக்கிறது. என்னால் இதை ஒதுங்கி நின்று பார்க்க முடியவில்லை, ஏனென்றால் பெண்கள் ஆள் உயரத்தில் என் மேல் வருகிறார்கள், பின்னால் டிராம் வழியை அடைத்திருக்கிறது. இங்கே பயம் இருக்கிறது, ஆனால் பயப்பட எதுவும் நடக்கவில்லை, ஏனென்றால் நடப்பதெல்லாம் ஒரு நாளின் கடைத்தெரு நடை. அந்த நடுத்தரைக்குள் இறங்கத் துணிந்தவள் சிறுமி ஒருத்திதான், ஏனென்றால் மற்றவர்கள் அதன் ஓரங்களில் ஒதுங்கிக் கிடக்கிறார்கள். அவளை யாரும் தேடவில்லை, ஏனென்றால் ஒரு பார்வைகூட அவள் மேல் போகவில்லை.”

உங்களுக்கு வேறு மாதிரி வரலாம். என் தோழி ஒருத்தி அந்தச் சிறுமி தனியாக இல்லை, சுதந்திரமாக இருக்கிறாள் என்றாள். காலை அகட்டி நிற்கும் விதத்தைக் காட்டினாள். விரல் இருந்தது, மறுக்க முடியவில்லை.

அடுத்துப் பார்க்க

ஒரே படத்தோடு நின்றுவிடாமல் இதே வரிசையில் வேறு இரண்டைப் பாருங்கள். மூங்க் 1892இல் வரைந்த ‘கார்ல் யோஹான் தெருவில் மாலை’ நார்வேயின் பெர்கன் நகரில் இருக்கிறது. வெளிறிய முகங்கள் கூட்டமாக உங்கள் பக்கம் வரும். ஒரே ஓர் ஆள் மட்டும் தெரு நடுவில் முதுகைக் காட்டி எதிர்த்திசையில் போவார். அம்புக்குறி போட்டுப் பாருங்கள், எண்ணிக்கை வேறு மாதிரி வரும். கிர்ஷ்னர் எடுத்தாரா இல்லையா என்று நீங்களே தீர்ப்பு சொல்லலாம்.

இரண்டாவது, கிர்ஷ்னரே 1914இல் வரைந்த ‘போட்ஸ்டாமர் பிளாட்ஸ்’. பெர்லினில் உள்ள ஒரு சதுக்கத்தின் பெயர் அது. ‘பாலம்’ குழு 1911இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்து, 1913இல் உடைந்துபோயிருந்தது. டிரெஸ்டனின் வளைவெல்லாம் போய்க் கோடுகள் கத்திபோல ஆகிவிட்டன. இரண்டு மீட்டர் உயரக் கேன்வாஸ், பெர்லினின் புதிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சாலைக்கு நடுவே வட்டத் திட்டில் இரண்டு பெண்கள், ஒருத்தி கைம்பெண்கள் அணியும் கறுப்பு முகத்திரையோடு. போர் தொடங்கிய வருடம் என்பதால் இங்கே அந்தச் சொல்லை எடுக்கலாம், முகத்திரையின் மேல் விரலை வைத்துக்கொண்டு. பின்னணியில் சிவப்பாக ஒரு ரயில் நிலையக் கட்டடம், அதில் ஒரு கடிகாரம். முதலில் தெருவில் எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்து நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம் கடிகாரத்தில் மணி பாருங்கள்.